உப்புக்குள் கிடைத்த மரத்துகள்

பாகிஸ்தானின் கெவ்ரா சுரங்கத்தில் வெட்டப்படும் இளஞ்சிவப்பு உப்பு, 'இமாலய உப்பு' என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளிலும் விற்கிறது. அந்த உப்புக்கு என்ன வயது என்ற கேள்வி 1940களில் இந்தியப் புவியியலாளர்களை இரண்டாகப் பிரித்தது. 50 கோடி ஆண்டுகளுக்கு மேல், அதாவது கேம்பிரியன் காலத்தது என்றது ஒரு தரப்பு. சுமார் 5 கோடி ஆண்டுதான், அதாவது இயோசீன் காலத்தது என்றது இன்னொன்று. இரண்டாம் தரப்பின் முன்னணியில் நின்றவர் லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீர்பல் சாஹ்னி. அன்றைய இந்தியாவின் தலைசிறந்த தொல்தாவரவியலாளர். உப்பிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய நுண்ணிய மரத்துகள்கள்தான் சான்று.

மரத்துகளை வைத்துப் பாறையின் வயதை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு தாவர இனமும் ஒரு காலத்தில் தோன்றி, தழைத்து, பெரும்பாலும் அழிந்தும் போகிறது. ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகைகளில் நாக்கு வடிவ குளோசாப்டெரிஸ் இலை தென்பட்டால் அந்தப் பாறை பெர்மியன் காலத்தது, அதாவது 30 கோடிக்கும் 25 கோடிக்கும் இடைப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் முழு இலை எளிதில் கிடைக்காது. ஆழ்துளையிலிருந்து வரும் சிறு பாறைத்துண்டில் அதைத் தேடவே முடியாது. அங்கேதான் ஸ்போரும் மகரந்தமும் கைகொடுக்கின்றன. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராத இவற்றைச் செடிகள் கோடிக்கணக்கில் காற்றில் விடுகின்றன. இவற்றின் மேலுறை ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. பாறையைக் கரைக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலம்கூட அதைத் தின்பதில்லை. அதனால் ஆய்வகத்தில் பாறையைக் கரைத்துவிட்டு, மிஞ்சும் வண்டலை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நிலத்தாவர ஸ்போர்கள் சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தும், பூக்கும் தாவரங்களின் மகரந்தம் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தும் பாறைகளில் காணக் கிடைக்கின்றன.

சாஹ்னியின் வாதத்துக்கு வலு சேர்த்தது இந்தக் கணக்குதான். கேம்பிரியன் காலத்தில் நிலத்தில் மரமே கிடையாது. உப்பிலோ பூக்கும் தாவரங்களின் மரத்துகளும் பூச்சிகளின் துணுக்குகளும் இருந்தன. அப்படியானால் உப்பு இயோசீன் காலத்தது. பழைய பாறைகள் பிற்பாடு நழுவி வந்து அதன்மேல் ஏறியிருக்க வேண்டும் என்றார். இமயமலையை ஒட்டிய பகுதியில் அப்படி நடப்பது அரிதல்ல. பக்கத்திலுள்ள கோகாட் உப்பு இயோசீன் காலத்தது என்பதும் அவருக்குச் சாதகமாக இருந்தது. சாஹ்னி பிறந்த பெரா, கெவ்ரா சுரங்கம் இருக்கும் உப்புமலைத் தொடருக்கு அருகில் உள்ள ஊர். அந்தப் பாறைகள் அவருக்குப் புதியவை அல்ல.

தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. உப்பின்மேல் ஊதாநிற மணற்கல்லும், அதன்மேல் டிரைலோபைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவங்கள் கொண்ட கேம்பிரியன் களிப்பாறையும் இயல்பான வரிசையில் படிந்திருப்பதைக் கள ஆய்வுகள் உறுதிப்படுத்தின. உப்பு சுமார் 54 கோடி ஆண்டுப் பழையது என்பதே இன்றைய முடிவு. மரத்துகள்கள் பின்னாளில் உள்ளே புகுந்தவை. உப்பு நீரில் கரையும், மறுபடியும் படியும். வெளியிலிருந்து வருவதை உள்ளே பூட்டிக்கொள்ளும். சாஹ்னி அசட்டையானவர் அல்ல, மாதிரிகளை மிகுந்த கவனத்தோடுதான் கையாண்டார். அவருடைய தாவர அறிவிலும் பிழையில்லை. அந்தப் பாறைதான் நம்பத்தகாத சாட்சி.

இன்று ஸ்போரின் நிறத்தையும் பார்க்கிறார்கள். பூமிக்குள் ஆழப் புதைந்து சூடேறிய ஸ்போர் மஞ்சளிலிருந்து பழுப்பாகி, கடைசியில் கறுக்கும். கறுத்தவற்றின் நடுவே வெளிர்மஞ்சளாக ஒன்று கிடந்தால் அது பிற்பாடு வந்து சேர்ந்ததோ என்று சந்தேகப்பட வேண்டும். பழைய பாறை அரிக்கப்பட்டு, அதன் ஸ்போர் புதிய படிவில் போய்ச் சேர்வதும் உண்டு. ஆகவே ஒற்றை ஸ்போரை நம்பி எவரும் வயது சொல்வதில்லை. பல இனங்கள் சேர்ந்த தொகுப்பைத்தான் நம்புகிறார்கள்.

லக்னோவில் சாஹ்னி தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனத்துக்கு 1949 ஏப்ரல் 3 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். ஒரே வாரத்தில் சாஹ்னி மறைந்தார். மனைவி சாவித்ரி சாஹ்னி பொறுப்பேற்று நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். இந்தியாவின் நிலக்கரிப் படுகைகளுக்கு ஸ்போர் கொண்டு வயது கணிக்கும் பணி இன்றும் அங்கே நடக்கிறது.