பட்டை உரித்தவர் கையில் காட்டின் காவல்!

1895 முதல் மதுரைச் சீமையின் வயல்களை நனைத்து வரும் பெரியாற்று நீர், தேக்கடிக் காட்டில் தேங்கி நிற்கிறது. ஆனையூர்வாசிகள் பஸ் ஏறிக் குமுளிக்குப் போனால், அக்காட்டினுள் கூடாரத்திலேயே இராத் தங்கி வரலாம்.

அழைத்துச் செல்பவர்கள் யார் தெரியுமா? ஒரு காலத்தில் கருவா இனத்தைச் சேர்ந்த வயணப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று, வழக்கும் தலைமறைவுமாக வாழ்ந்தவர்கள்! 1990-களின் பிற்பகுதியில் வனத்துறையுடன் உடன்பாடு செய்துகொண்டு, குழுவாகச் சேர்ந்து வழிகாட்டிகளானார்கள்.

யானைத் தடம் எது, காட்டெருமைத் தடம் எது என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சமையலும் அவர்களே, இரவில் முறைவைத்துக் கண்விழிப்பதும் அவர்களே. துப்பாக்கி ஏந்திய வனக் காவலர் ஒருவரும் உடன் வருகிறார்.

அன்று மரம் பட்டுப்போனால் கூலி. இன்று மரம் நின்றால்தான் சம்பளம். அம்மரங்கள் நிற்பதில் மதுரைக்கும் பங்குண்டு அல்லவா?