வயல் மண்ணிலுள்ள கிருமியும் வெல்டிங் வேலைக்காரரின் மார்புச் சளியும்

மறைமலைநகரைச் சூழ்ந்த கிராமங்களில் சொர்ணவாரிக்குச் சேறு கலக்கும் வீட்டிலேயே, தொழிற்பேட்டைக்கு வெல்டிங் வேலைக்குச் செல்லும் பிள்ளையும் இருப்பதுண்டு. இவ்விரு தொழிலுக்கும் பொதுவான கிருமி ஒன்றைப் பற்றி மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

பேஸில்லஸ் சீரியஸ் என்னும் அக்கிருமி மண்ணில் வாழ்வது. நெல்லோடு அரிசிக்கும் வந்து சேர்கிறது. அதன் வித்துக்கள் உலை கொதிப்பதால் சாவதில்லை. வடித்த சோறு அண்டாவில் வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடப்பின், அவை முளைத்துப் பெருகி விஷத்தை உண்டாக்கும். மறுபடி சுடவைத்தாலும் அவ்விஷம் அழியாது. உண்டவருக்கு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி காணும். பெரும்பாலும் ஒரு நாளில் தணியும். கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தாம்பாளங்களில் மெல்லியதாகப் பரப்பி விரைவில் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும்.

இக்கிருமியின் அரிய வகையொன்று, திடகாத்திரமான ஆட்களின் நுரையீரலைத் தாக்கியதுண்டு. அமெரிக்காவின் லூயிசியானா மாகாணத்தில் 1994-இல் வெல்டர் ஒருவர் கடும் நிமோனியா கண்டு பிழைத்தார். டெக்ஸாஸ் மாகாணத்தில் 2003-இல் உலோக வேலை செய்த இருவர் மாண்டனர். அவர்களிடம் எடுத்த கிருமிகளை ஆராய்ந்ததில், மாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க் கிருமிக்கு உரிய விஷ மரபணுக்கள் அவற்றில் காணப்பட்டன. இரு கிருமிகளும் நெருங்கிய பங்காளிகளே. இந்நோய்க்கு ‘வெல்டர் அடைப்பான்’ என்றே இப்போது பெயர்.

பழஞ்சோற்றால் இது வருமென்று எவரும் அஞ்ச வேண்டா. மண் புழுதியோடு வித்துக்களைச் சுவாசிப்பதே வழி என்று கருதப்படுகிறது. உலோகப் புகை நுரையீரலின் காப்புச் சக்தியைக் குறைப்பதால், பிற நிமோனியாக்களும் வெல்டர்களை எளிதில் பற்றுகின்றன.

கொழுவையும் டிராக்டரின் இரும்புச் சக்கரத்தையும் களத்துமேட்டிலேயே ஒட்டவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. புழுதித் தரையில் அவ்வேலை கூடாது. சிமெண்டுத் தளம் உத்தமம். இல்லையேல் வேலைக்கு நெடுநேரம் முன்பே தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, ஒட்டுமிடம் மட்டும் உலர்ந்திருக்கச் செய்க. ஈரத்தில் நின்று மின்கம்பியைத் தொடுதல் ஆபத்து. வாயில் துணி கட்டுவதால் புகை நிற்பதில்லை. புகைக்கென விற்கும் முகமூடியே வேண்டும்.

காய்ச்சலும் மூச்சுத் திணறலும் இரத்தம் கலந்த சளியும் திடீரெனக் காணின், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க. தொழில் இன்னதென்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். சோதனையில் இக்கிருமி தென்பட்டாலும், தூசியில் வந்ததென ஒதுக்கிவிடுவது சாதாரணம். பென்சிலினோ பெரும்பாலும் இதற்குப் பலிப்பதில்லை.