அம்மாவின் முட்டிக்குள் ரேடியோ!

எங்கள் வீட்டு மாடிப்படிகள் மொத்தம் 17. நான் எண்ணியதில்லை, அம்மா எண்ணி வைத்திருக்கிறாள். வத்தல் காயப்போட அவள் மேலே ஏறி மூன்று வருஷமாகிறது.

தைலம், வெந்நீர் ஒத்தடம், பக்கத்து வீட்டுக்காரர் சிபாரிசு செய்த முடக்கத்தான் தோசை... எல்லாம் ஆயிற்று. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ''தேஞ்சு போச்சு, மாத்திடலாம்'' என்றார், ஏதோ ஸ்கூட்டர் டயர் மாதிரி! ''என் முட்டியோடவே நான் போய்ச் சேர்றேன்'' என்று அம்மா எழுந்துவிட்டாள். (எழுந்திருக்கவே இரண்டு நிமிஷம் ஆனது என்பது வேறு விஷயம்.)

வலிக்கென்றே தனி டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அப்படி ஒருவரிடம் போனோம். அவர் சொன்ன வைத்தியம், 'ரேடியோ ஃப்ரீக்வன்ஸி அப்ளேஷன்'.

''ரேடியோவை உள்ளே வெச்சிடுவாங்களாடா?''

அம்மாவின் கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமானதில்லை. ஊசி நுனியில் பாயும் மின்சாரம் வினாடிக்குச் சுமார் 5 லட்சம் சுற்று அலைகிறது. ரேடியோவில் மீடியம் வேவ் ஆரம்பிக்கிற இடத்துக்குச் சற்று முன்னால்! நுனியைச் சுற்றி ஏறக்குறைய 80 டிகிரி சூடு, ஒன்றரை நிமிஷம் போல. அங்கே ஓடுகிற நரம்பு பொசுங்கி, மூளைக்கு 'வலிக்குது' என்று தந்தியடிப்பதை நிறுத்திவிடும்.

''நரம்பைச் சுட்டா கால் விழுந்துடாதா சார்?'' என்றேன் நான்.

முட்டியைச் சுற்றி வரும் மூன்று மெல்லிய நரம்புகளைத்தான் சுடுகிறார்களாம். காலை அசைக்கிற பெரிய நரம்புகள் வேறு. சுடுவதற்கு முன் லேசாகக் கரண்ட் கொடுத்து, கால் துடிக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள். முக நரம்பு வலிக்கும் முதுகு வலிக்கும் 1970-களிலேயே செய்த வைத்தியம் இது. முட்டிக்குப் பலன் தருகிறது என்று கொரிய டாக்டர்கள் ஆராய்ச்சி வெளியிட்டது 2011-ல்தான்.

எல்லோருக்கும் பலிக்குமா? நெதர்லாந்தில் முதுகு வலிக்காரர்களை வைத்துச் செய்த பரிசோதனைகள் 2017-ல் வெளியாயின. உடற்பயிற்சியோடு இதையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும், வெறும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை! இதைக் கேட்டதும் டாக்டர் கோபப்படவில்லை. ''யாருக்குச் செய்யணும்னு பொறுக்கி எடுக்கறதுலதான் சார் இருக்கு. முதல்ல அந்த நரம்புகளை மரத்துப்போக வெச்சுப் பார்ப்போம். வலி பாதிக்கு மேல குறைஞ்சாதான் மத்தது.''

தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான். நரம்பும் மெள்ள வளர்ந்துவிடும். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ, அதிர்ஷ்டமிருந்தால் இன்னும் கொஞ்சமோ நிம்மதி. அப்புறம் தேவைப்பட்டால் மறுபடி சுடலாம். பி.காம். படித்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. கடன் அடையவில்லை, தவணைதான் தள்ளிப்போகிறது! (பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.)

பரிசோதனை ஊசி போட்ட அரை மணியில் அம்மா ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறிக் காட்டினாள். ''பத்துக்கு எட்டு வலி இருந்துச்சே, இப்போ?'' என்றார் டாக்டர். ''ரெண்டு!''

மருந்தின் வேகம் அவ்வளவுதான். ராத்திரி வலி திரும்பி வந்துவிட்டது. அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. ''வலி இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னே மறந்துபோயிருந்தேன்டா. இன்னிக்கு ஞாபகப்படுத்திட்டாங்களே!''

இரண்டு வாரம் கழித்து நிஜ சிகிச்சை. காலையில் போய் சாயங்காலம் வீடு. முதல் வாரம் முட்டி வீங்கி, முன்னைவிட அதிகமாக வலித்தது. 'சில பேருக்கு அப்படித்தான் இருக்கும்' என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தும், அந்த ஏழு நாளும் நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பணம் போனதுகூடப் பெரிதில்லை, ஆசை காட்டி மோசம் செய்துவிட்டோமோ என்ற பயம்.

இப்போது ஐந்து மாசமாகிறது. நேற்று வெளியே போய்விட்டு வந்தால், வீடு திறந்து கிடக்கிறது. அம்மாவைக் காணோம். மொட்டை மாடியிலிருந்து குரல் வந்தது.

''காக்கா வத்தலைக் கொத்துதுடா... அந்தக் குச்சியை எடுத்துக்கிட்டு மேல வா!''