வெடிக்கிற காயில் தொடங்கலாம்

குழந்தைக்குத் தோட்டம் பழக்க நினைப்பவர்கள் கடையில் விதைப் பாக்கெட் வாங்கி ஊன்றுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். முளைக்கும்வரை பார்க்க ஒன்றுமில்லை. மூன்றாம் நாளே பிள்ளை மண்ணைத் தோண்டிவிடும். விதை எடுப்பதில் ஆரம்பியுங்கள். அதற்குக் காசித்தும்பையை மிஞ்ச ஆளில்லை.

முற்றிய காய் பச்சை மாறி வெளிறும். லேசாகத் தொட்டால் போதும், பட்டென்று வெடித்து, தோல் ஐந்து கீற்றாகச் சுருண்டு, விதைகள் தெறிக்கும். காய் முற்ற முற்றத் தோலில் ஏறிய இறுக்கம் ஒரே நொடியில் விடுபடுவதுதான் காரணம். காயை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு அழுத்தினால் விதை சிதறாது. கையில் கிச்சுகிச்சு மூட்டும். அதற்காகவே பிள்ளைகள் அடுத்த காயைத் தேடுவார்கள். பிஞ்சையும் சேர்த்து நசுக்குவார்கள்தான், போகட்டும். ஆடியில் விதைத்தால் புரட்டாசிக் கொலுவுக்குப் பூ கிடைத்துவிடும்.

அடுத்தது துலுக்கச் சாமந்தி. வீட்டில் சண்டை வருவது இங்கேதான். சாமி படத்துக்கென்று பாட்டி எல்லாப் பூவையும் பறித்துவிட்டால் விதை ஏது? நன்றாகப் பூத்த ஒன்றிரண்டு பூவின் காம்பில் பிள்ளையையே நூல் கட்டச் சொல்லுங்கள். நூல் கட்டிய பூ சாமிக்கும் கிடையாது. செடியிலேயே காய்ந்து பழுப்பானதும் பிய்த்துப் பார்த்தால், ஒரு முனை கறுத்து மறுமுனை வெளிறிய நீள விதைகள் உதிரும். மல்லிகைக்கு ஏன் நூல் கட்டவில்லை என்று கேள்வி வரும். குண்டுமல்லி விதை பிடிப்பது அரிது. பதியம் போட்டுத்தான் பெருக்குகிறோம்.

விதையை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை உறையே போதும். பிளாஸ்டிக் பையில் மிச்ச ஈரம் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். பெயரையும் தேதியையும் பிள்ளையே எழுதட்டும். சங்குப்பூ விதைக்குத் தோல் கெட்டி; ஊன்றுமுன் ஓர் இரவு ஊறப்போட வேண்டும்.

அந்திமந்தாரையில் மட்டும் எச்சரிக்கை தேவை. விதை மிளகு மாதிரியே இருக்கும், ஆனால் நஞ்சு. எதையும் வாயில் வைக்கும் வயதில் கொடுக்கக் கூடாது. பள்ளி போகிற பிள்ளைக்கோ இதைப்போல வேடிக்கை வேறில்லை. சிவப்பும் வெள்ளையும் கலந்து இளஞ்சிவப்பு வரும். அந்த இளஞ்சிவப்பின் விதையைப் போட்டால் மூன்று நிறமும் வரும். 1900-இல் மெண்டலின் விதிகளை மீட்டெடுத்தவர்களில் ஒருவரான ஜெர்மானியர் கார்ல் கோரன்ஸ் ஆராய்ந்த செடி இது. மேல்நிலைப் பள்ளித் தாவரவியலில் வருகிற அந்தப் பாடத்தை இரண்டாம் வகுப்புப் பிள்ளை நிறம் எண்ணியே பார்த்துவிடலாம், மாடியில் அத்தனை தொட்டிக்கு இடமிருந்தால்.