உயிர் காப்போரின் மனோபலம்

2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 22-ந் தேதி மாலை 5 மணிக்கு இந்நாட்டு ஜனங்கள் வீட்டு வாசலிலும் மாடியிலும் நின்று கைதட்டினார்கள். தாம்பாளமும் மணியும் ஒலித்தன. கொள்ளைநோயின் நடுவே உழைத்துவந்த வைத்தியர், தாதியர், துப்புரவுத் தொழிலாளர், ஆம்புலன்ஸ் சிப்பந்திகள் ஆகியோருக்கு நன்றி செலுத்துவதே அதன் நோக்கம். அதற்கு 28-ம் நாள், ஏப்ரல் 19-ந் தேதி இரவு, சென்னையில் அந்நோயால் மாண்ட நரம்பு வைத்திய நிபுணர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களை ஒரு கூட்டம் கல்லாலும் கழியாலும் அடித்து விரட்டிற்று. ஆம்புலன்ஸ் வண்டியின் கண்ணாடி நொறுங்கிற்று. அதனை ஓட்டி வந்தவர்கள் காயமுற்றனர். கீழ்ப்பாக்கத்தில் எதிர்ப்புக் கண்டு வேலங்காட்டுக்குக் கொண்டுபோன உடலுக்கு அங்கும் இந்தக் கதி நேர்ந்தது. முடிவில் காலஞ்சென்றவரின் நண்பராகிய மற்றொரு டாக்டர் போலீஸ் பந்தோபஸ்துடன் தாமே வண்டியை ஓட்டித் திரும்பிவந்து, தம் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.

இவ்விரு தினங்களையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு நேயர்களை வேண்டுகிறோம். மறுநாளே சென்னை ஹைகோர்ட்டு இவ்விஷயத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 22-ந் தேதி மத்திய சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்தனர்; செப்டம்பரில் அது பார்லிமெண்டின் சட்டமாயிற்று. தொற்றுநோய்க் காலத்தில் வைத்தியச் சிப்பந்திகளைத் தாக்குவோருக்கு 3 மாதம் முதல் 5 வருஷம் வரையிலும், கொடுங்காயம் விளைத்தால் 6 மாதம் முதல் 7 வருஷம் வரையிலும் சிறைவாசம் என்பது அதன் ஷரத்து. தமிழ்நாட்டில் வைத்தியச் சிப்பந்திகளைக் காக்கத் தனிச் சட்டமொன்று 2008-லேயே இயற்றப்பட்டதுண்டு. சட்டம் செய்தது சரியே. ஆயினும் சட்டம் தண்டிப்பது கல்லெறிந்தவனை. கல்லடி பட்டவர் மறுநாள் காலையில் அதே வண்டியில் ஏறி உட்காரும்போது அவர் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதற்கு எந்த ஷரத்தும் பதில் சொல்லவில்லை. இன்று நாம் பேசப் புகுந்தது அந்த மனத்தைப் பற்றியே.

108 என்ற எண்ணைக் கூப்பிட்டால் வண்டி வரும் என்பதைத் தமிழ்நாட்டில் குழந்தையும் அறியும். 2008-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிய இந்த ஏற்பாட்டினால் பிழைத்த உயிர்கள் கணக்கில. ஆனால் அவ்வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப்பார்த்தோம்? ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர், பெரும்பாலும் இளவயதினர். 2022-ம் வருஷத்தில் மாத்திரம் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துக்கள் நேர்ந்தன. 17,884 பேர் மாண்டனர். நாம் பத்திரிகையில் ஒரு வரியாகப் படித்து அப்பால் போகிற சம்பவத்தை, அவர்கள் கையால் தொட்டுத் தூக்குகிறார்கள். தூக்கி ஆஸ்பத்திரியில் ஒப்புவித்து, வண்டியைக் கழுவி, அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கிறார்கள்.

நாம் வக்கீல் தொழில் நடத்திய நாட்களில் மோட்டார் விபத்து நஷ்டஈட்டு வழக்கொன்றில் இத்தகைய உதவியாளர் ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்ய நேர்ந்தது. வண்டி வந்த நேரம், காயம் இருந்த இடம், கட்டிய கட்டு எல்லாவற்றையும் பிசகின்றிச் சொல்லிவந்த அந்த மனிதர், சாலையில் கிடந்த குழந்தையின் செருப்பு எந்தப் பக்கம் கிடந்தது என்று நாம் கேட்டவுடன் வாய் மூடிக்கொண்டார். எதிர்க் கக்ஷியின் சாக்ஷி தடுமாறுகிறான் என்று அன்று நமக்கு உள்ளூர மகிழ்ச்சி. சம்பவம் நடந்து நான்கு வருஷம் கழிந்திருந்தது. சாக்ஷிக் கூண்டை விட்டு இறங்கியவர் வெளி வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றிருந்ததைக் கண்டோம். அந்த வழக்கில் நமது கக்ஷிக்காரர் ஜயித்தார். அக்கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியதில்லை என்று பின்னர் பன்முறை எண்ணியதுண்டு.

இத்தகையோருக்கு இப்பொழுது ஒரு சிகிச்சை சொல்லப்படுகிறது. தாங்குதிறனை வளர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அது. மூச்சுப் பயிற்சி, யோகாசனம், அரைநாள் சொற்பொழிவு, முடிவில் ஒரு நற்சாக்ஷிப் பத்திரம். இவற்றில் எதையும் நாம் இகழவில்லை. மூச்சை நெறிப்படுத்துவது எவருக்கும் நன்றே. ஆயினும் 20 மணி நேரம் கண் விழித்த தாதியிடம் தைரியமாயிரு என்று உபதேசிப்பது, பட்டினி கிடப்பவனுக்கு ஜீரண சூரணம் கொடுப்பதை ஒக்கும். குறை எங்கிருக்கிறதோ அங்கன்றோ மருந்து சேர வேண்டும்?

நல்லெண்ணம் மாத்திரம் போதாது என்பதற்கு ஒரு சரித்திரமே உண்டு. அமெரிக்காவில் முன்பு தீயணைப்புப் பணியிலும் ஆம்புலன்ஸ் பணியிலும் இருந்த ஜெஃப்ரி மிட்சல் என்பார் 1983-ல் ஒரு முறையை வெளியிட்டார். கோரமான சம்பவத்துக்குப் பின் சில தினங்களுக்குள் சிப்பந்திகளை வட்டமாக உட்காரவைத்துக் கண்டதையும் உணர்ந்ததையும் ஒருவர்பின் ஒருவராகச் சொல்லச் செய்வது அதன் சாரம். உலகெங்கும் அது பரவிற்று. பிறகு சம்பவங்களில் சிக்கியவர்களுக்கும் தனித்தனியே அதனைப் பிரயோகிக்கத் தொடங்கினர். பிரிட்டனில் தீக்காயம் பட்ட 110 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 1997-ல் வெளிவந்த பரிசோதனையில், உடனே பேசவைக்கப்பட்டவர்களுள் 26 சதவிகிதத்தினருக்கு 13 மாதங்களுக்குப் பின் மனக்காயம் நிலைத்திருந்தது. பேசவைக்கப்படாதவர்களுள் 9 சதவிகிதத்தினருக்கே. இது நோயாளிகளைப் பற்றியது, சிப்பந்திகளைப் பற்றியதன்று. தீயணைப்போர் குழுக்களில் அம்முறையால் சிறிது நன்மை கண்டதாகக் கூறும் ஆராய்ச்சியும் உண்டு. எனினும், ஆறாத புண்ணை ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து கிளறுவது ஆபத்து என்பதே பிற்காலத்து நிபுணர்களின் அபிப்பிராயம். இன்று அவர்கள் வற்புறுத்துவது எளிய காரியங்களையே. முதலில் பத்திரமான இடமும் உணவும் உறக்கமும் தர வேண்டும். பேச விரும்பினால் கேட்க வேண்டும், விரும்பாவிடில் வற்புறுத்தலாகாது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் விசாரிக்க வேண்டும். வேதனை தீராதிருந்தால் தக்க வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். பிரிட்டிஷ் கடற்படைப் போர்வீரர்களிடையே தோன்றிய ஒரு முறையில் இவ்விசாரணையைச் செய்பவர் மேலதிகாரியோ அந்நியரோ அல்லர். உடனுழைப்பவர்களிலிருந்தே தேர்ந்து பயிற்றுவிக்கப்பட்டவர். அந்நாட்டு அவசர உதவிப் படைகள் பலவற்றில் அது இன்று வழங்கிவருகிறது.

உறக்கம் என்றோம். இவ்விஷயம் முழுவதற்கும் அதுவே அச்சாணி என்பது நமது அபிப்பிராயம்.

நியூயார்க்கு நகரத்தில் 1984-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், 18 வயதுப் பெண்ணொருத்தி காய்ச்சலோடு இரவில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டுக் காலைக்குள் மாண்டாள். லிபி ஸையன் என்பது அவள் பெயர். அவளைக் கவனித்தவர்கள் நெடுநேரப் பணியிலிருந்த பயிற்சி டாக்டர்கள்; அன்றிரவு வேறு பல நோயாளிகளும் அவர்கள் பொறுப்பில் இருந்தனர். அவள் தந்தை வக்கீல், பத்திரிகையாளருங்கூட. அவர் அந்த டாக்டர்களைக் கொலைகாரர் என்று சாடியதோடு நின்றுவிடவில்லை. இத்தனை மணி நேரம் அவர்களை விழித்திருக்கச் செய்தவர் யார் என்ற வினாவை எழுப்பி, ஓயாமல் எழுதினார். 1986-ல் கூடிய ஜூரிகள் டாக்டர்கள்மீது குற்றம் சாட்ட மறுத்து, டாக்டர்களைப் பயிற்றும் முறையையே கண்டித்தனர். 1989-ல் அந்த ராஜ்யத்தில் பயிற்சி டாக்டருக்கு வாரத்தில் 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என வரம்பு விதிக்கப்பட்டது. அந்த வரம்பே நமக்கு மலைப்பூட்டுவது! ஐரோப்பியக் கூட்டுநாடுகளில் 2009 முதல் வரம்பு 48 மணி.

நம் நாட்டின் நிலை யாது? விதி இல்லை என்று சொல்வதற்கில்லை. தொடர்ந்த பணி சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணியை மிஞ்சலாகாது என்று மத்திய சர்க்கார் 1992-லேயே பயிற்சி டாக்டர்களுக்கான ஏற்பாட்டில் எழுதிவைத்தனர். 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் வகுத்த விதியோ, மேற்படிப்பு மாணவர்களுக்கு "நியாயமான" வேலை நேரமும் ஓய்வும் வேண்டும் என்கிறது. நியாயமான என்ற சொல்லுக்கு எத்தனை மணி என்று பொருள்? வழக்காடிப் பழகிய நமக்குத் தெரிந்தவரை, எண் இல்லாத விதி எஜமானனுக்கு வசதியான விதி. அடுத்த வருஷம் அதே ஆணையத்தின் பணிக்குழு 74 மணியும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் என்று சிபாரிசு செய்தது. 2024 ஆகஸ்டு 9-ந் தேதி கல்கத்தாவின் ஆர். ஜி. கர் ஆஸ்பத்திரியில், நீண்ட பணியினிடையே கருத்தரங்கு மண்டபத்தில் இளைப்பாறச் சென்ற இளம் பெண் டாக்டர் கொலையுண்டார். நாடே பதறிற்று. 36 மணி நேரம் ஓயாமல் வேலை வாங்கும் வழக்கத்தைச் சுப்ரீம் கோர்ட்டும் அப்பொழுது கண்டித்தது. தேசியப் பணிக்குழுவொன்றையும் நியமித்தது. படுக்க ஓர் அறையும், உள்ளிருந்து தாழிட ஒரு கதவும் இருந்திருக்க வேண்டாமா என்று கேட்காதவர் இல்லை.

ஒரு கணக்கை நேயர்கள் முன் வைக்கிறோம். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 1997-ல் வெளியிட்ட முடிவின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் கையும் கண்ணும், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவனைப்போல் தளர்கின்றன; 24 மணியில் அது 100 மில்லிகிராமுக்கு ஒப்பாகிறது. நமது மோட்டார் வண்டிச் சட்டத்தின் 185-வது பிரிவோ 30 மில்லிகிராமைத் தாண்டி வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கியுள்ளது. சாலையில் குடித்தவனை நிறுத்திச் சிறைக்கு அனுப்புகிறோம். ஆஸ்பத்திரியில் அதனினும் தளர்ந்த கையில் ஊசியைக் கொடுத்து, அவரது சேவையுணர்ச்சியைப் புகழ்கிறோம். பணியை அடிக்கடி கைமாற்றினால் நோயாளியின் விவரம் தவறிப்போகும் என்று அனுபவஸ்தரான டாக்டர்கள் ஆக்ஷேபிப்பதுண்டு. அந்த ஆக்ஷேபம் பொய்யன்று. அதற்குப் பரிகாரம் ஒழுங்காக எழுதிக் கைமாற்றக் கற்பிப்பதே. ரயில்வேயில் அதைச் செய்கிறோம்.

இன்னொரு தடை வெளியே தெரியாதது. மனம் சோர்ந்தவர் உதவி தேட அஞ்சுகிறார். சர்வீஸ் புத்தகத்தில் ஏறிவிடுமோ, பைத்தியம் என்று பெயர் வருமோ, வேலை போய்விடுமோ என்பதே அச்சம். 2022 அக்டோபர் 10-ந் தேதி முதல் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும்படி சர்க்கார் செய்திருந்தும், அச்சம் விரலைத் தடுக்கிறது. ஆகையால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே தெளிவாகக் கூறுவோம். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சை பற்றிய விவரம் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி, சேவையிலிருக்கையில் ஊனமுற்ற ஊழியரைச் சர்க்கார் ஸ்தாபனம் நீக்கவோ பதவி தாழ்த்தவோ கூடாது. மனநோயால் விளையும் ஊனமும் இதில் அடங்கும். 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், அவரது நடத்தைக்கு மனநோயும் ஒரு காரணமாயிருந்தாலே போதும், அதன்பேரில் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாரபட்சமாகும் என்று தீர்ப்பளித்தது. இதனை ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் தீயணைப்பு நிலையத்திலும் தமிழில் அச்சிட்டு ஒட்டினால், நூறு சொற்பொழிவுகளினும் அதிகம் பயன்படும். ஒரு குறையையும் மறைக்கலாகாது. இந்த 20-வது பிரிவு சர்க்கார் ஸ்தாபனத்தையே கட்டுப்படுத்துவது. கண்டிராக்டின் கீழும் தற்காலிகமாகவும் வேலை செய்வோர் இதன் நிழலுக்குள் எளிதில் வருவதில்லை; 2015-ல் மாதம் 7,700 ரூபாய்க்குத் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த ஒப்பந்தத் தாதியரை நினைத்துப் பார்க்க.

பணம் எங்கே என்பார்கள். ஆள் கூட்டாமல் மணி குறையாது என்பது உண்மையே. ஆனால் 2021-ல் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று சர்க்கார் உத்தரவிட்டபொழுது, அதுவரை முடியாது என்று சொல்லப்பட்டது முடியும் என்றாயிற்று. உத்தரவு எவ்வளவு தூரம் நிறைவேறுகிறது என்பதை நேயர்கள் தத்தம் ஊர்ப் போலீஸ்காரரையே விசாரித்து அறியலாம்.

நாம் கேட்பது அதிகமில்லை. தொடர்ந்த பணிக்கு எண்ணால் எழுதிய வரம்பு. தாழிடக் கூடிய ஓய்வறை. கோர சம்பவத்துக்குப் பின் அந்த வண்டிக்குச் சில மணி நேரமேனும் வேறு அழைப்புத் தராதிருத்தல். கண்டிராக்டுச் சிப்பந்திக்கும் இவை யாவும். சட்டசபையில் வைத்திய இலாகா மானியம் விவாதத்துக்கு வரும்போது, வண்டிகள் எத்தனை, பிழைத்தோர் எத்தனை என்று மந்திரிகள் கணக்குக் கூறுவர். அப்பொழுது எந்தக் கக்ஷியைச் சேர்ந்த அங்கத்தினராயினும் எழுந்து, அவ்வண்டிகளில் இருந்தவர்கள் சென்ற வருஷத்தில் எத்தனை முறை 12 மணியைத் தாண்டி உழைத்தார்கள், எத்தனை பேர் ராஜிநாமாச் செய்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்கட்டும். விடையை இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.