உங்களுக்குத் தெரியுமா? காலி கிரேட் திரும்பாவிட்டால் கை நடுங்கும்!

கூல்டிரிங்க்ஸ் வண்டி பெட்டிக்கடையில் சரக்கை இறக்கிவிட்டுச் சும்மா கிளம்பாது. காலி பாட்டில் கிரேட்டை ஏற்றிக்கொண்டுதான் போகும். காலி திரும்பாவிட்டால் அடுத்த லோடுக்குக் கிரேட் ஏது? நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் இதே கணக்குதான். அங்கே காலியை ஏற்றி அனுப்பும் புரதக் கூட்டணிக்கு ரெட்ரோமர் என்று பெயர். அதன் முதுகெலும்பு, விபிஎஸ்35 என்ற புரதம்.

*

இது முதலில் பிடிபட்டது மூளையில் அல்ல, பன்னை உப்பவைக்கும் ஈஸ்ட்டில்! ஈஸ்ட் செல்லுக்குள் செரிமானப் பை ஒன்று உண்டு. அதற்குள் போகவேண்டிய நொதி, சில ஈஸ்ட்டுகளில் மட்டும் செல்லுக்கு வெளியே ஒழுகியது. ஒழுகும் ஈஸ்ட்டுகளைப் பொறுக்கியெடுத்து, பழுதான மரபணுக்களுக்கு வரிசையாக எண் போட்டார்கள். 35 அப்படி வந்த எண்தான். ஒழுகலுக்குக் காரணம், நொதியைச் சுமந்துபோன ‘கிரேட்’ புரதம் எண்டோசோம் என்ற பிரிப்பு நிலையத்தில் சரக்கை இறக்கிய பிறகு திரும்பி வராததே. சுமக்க ஆளில்லாத அடுத்த நொதி வெளியே கொட்டிவிடுகிறது. அந்தத் திருப்பி அனுப்பும் வேலையைச் செய்வது ரெட்ரோமர் என்று 1998இல் சீமன், எம்ர் குழுவினர் காட்டினார்கள். அப்போது இதை நோயோடு யார் முடிச்சுப் போட்டிருப்பார்கள்!

*

2011இல் ஒரு ஸ்விட்சர்லாந்துக் குடும்பத்தை ஒரு குழுவும், ஓர் ஆஸ்திரியக் குடும்பத்தை வேறொரு குழுவும் தனித்தனியாக ஆராய்ந்தன. இரண்டு குடும்பங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கை நடுங்கவைக்கும் பார்க்கின்சன் நோய். இரு குழுக்களும் வந்து நின்றது ஒரே இடத்தில்: விபிஎஸ்35 புரதத்தின் 796 அமினோ அமிலக் கண்ணிகளில் 620ஆவது. மரபணுவில் ‘ஜி’ என்ற எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ‘ஏ’. அவ்வளவுதான் பிழை! அம்மா, அப்பா யாராவது ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், நோய் வரலாம். பெரும்பாலும் ஐம்பது வயதை ஒட்டித் தலைகாட்டுகிறது. நல்லவேளை, மிக அரிதான பிழை இது.

*

அந்த 620ஆவது இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதிலாக வந்து உட்காருவது அஸ்பாரஜீன். 1806இல் பிரான்சில் அஸ்பராகஸ் செடிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்ததால் வந்த பெயர். நம்மூர்த் தண்ணீர்விட்டான் கிழங்கு அதே பேரினத்துச் செடிதான். (கிழங்கின் மேல் பழி போடாதீர்கள். அஸ்பாரஜீன் எல்லா உயிரிலும் இருக்கிறது.)

*

செல்லுக்கெல்லாம் பொதுவான புரதம் பழுதானால் மூளை மட்டும் ஏன் அடிவாங்குகிறது? மற்ற செல்கள் பிரிந்து பெருகும்போது குப்பையும் பங்காகிக் குறைந்துவிடும். நரம்புச் செல் பிரிவதில்லை, சேர்ந்தது சேர்ந்ததுதான். கிரேட் திரும்பாதபோது கதெப்சின் டி என்ற நொதி, குப்பை அரைக்கும் லைசோசோமுக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதத்தை அரைப்பதில் அந்த நொதிக்குப் பெரிய பங்கு. பார்க்கின்சன் நோயாளிகள் பலரின் மூளையில் உருண்டை உருண்டையாகத் தேங்கிக் கிடப்பது அதே சினூக்ளின். போதாக்குறைக்கு, பார்க்கின்சனில் அழியும் டோபமின் நரம்புச் செல் ஒன்றே ஒன்றின் கிளைகளை ஒட்டுப்போட்டு நீட்டினால் 4 மீட்டரைத் தாண்டும் என்பது ஒரு கணக்கு. அவ்வளவு நீளத்துக்கும் சரக்குப் போய் வரவேண்டும்.

*

அல்சைமர் மறதி நோயிலும் ரெட்ரோமர் பழுதின் கைவரிசை உண்டு. நோய் முதலில் தாக்கும் மூளைப் பகுதியில் விபிஎஸ்35 குறைந்திருப்பதை 2005இலேயே பார்த்துவிட்டார்கள். எண்டோசோமில் அதிக நேரம் மாட்டிக்கொள்ளும் ஒரு புரதம் அங்கேயே வெட்டுப்பட்டு, அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டாகிறது.

*

2014இல் ஆர்55 என்றொரு சிறு மூலக்கூறு, ரெட்ரோமரின் துண்டுகள் கழன்றுவிடாமல் இறுக்கிப் பிடித்தது. ஆய்வகத் தட்டில் வளர்த்த நரம்புச் செல்களில் அமிலாய்டும் குறைந்தது. மெடிக்கல் ஷாப்பில் போய் ஆர்55 கேட்டுவிடாதீர்கள். தட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவே இன்னும் நிறைய தூரம் கிடக்கிறது.