செட் மாத்திரையில் மூன்றாவது எது?

"அண்ணே, சளி, காய்ச்சல். ரெண்டு நாளைக்கு ஒரு செட் போடுங்க."

நம்மூர் மெடிக்கல் ஷாப் வாசலில் கால்மணி நேரம் நின்றால் இது காதில் விழுந்துவிடும். கடைக்காரர் அட்டைகளிலிருந்து கத்தரியால் இரண்டிரண்டாக வெட்டி, காகிதக் கவரில் போட்டு, காலை, இரவு என்று கிறுக்கித் தருவார். சீட்டும் கிடையாது, பில்லும் கிடையாது.

அந்தக் கவரை மேசையில் கொட்டிப் பாருங்கள். ஒன்று பாராசிட்டமால். இன்னொன்று மூக்கொழுகலுக்கு செட்ரிசின். மூன்றாவதாகப் பெயர் பாதி வெட்டுப்பட்ட ஒன்று பல சமயம் இருக்கும். அது அசித்ரோமைசினாகவோ செஃபிக்சிமாகவோ இருக்கலாம். காலாவதித் தேதி கடையில் மிச்சமிருக்கும் துண்டோடு போயிருக்கும்.

சளியும் ஃப்ளூவும் வைரஸ் வேலை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் சளி தானாகவே நாலைந்து நாளில் இறங்கும், நல்ல பெயரை மாத்திரை வாங்கிக்கொள்ளும். அடுத்த முறையும் அதே செட்.

"அந்த மாத்திரை என் உடம்புக்குக் கேட்கிறதில்லை" என்பார்கள். பழகிப்போவது உடம்பு அல்ல, கிருமி. குடலில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்களில் பலவீனமானவை சாக, மருந்துக்கு மசியாதவை இடம்பிடித்துப் பெருகும். அந்த வித்தையை வேறு இனக் கிருமிகளுக்கும் கைமாற்றிவிடும். மாத்திரையே தொடாத பேரக்குழந்தைக்கும் அவை தொற்றலாம். பிறகொரு நாள் சிறுநீர்த் தொற்றோ ஆபரேஷன் புண்ணோ வரும்போது, சாதாரண மாத்திரையில் முடிய வேண்டியது, அட்மிட் ஆகி ஊசியில் முடியும். சில சமயம் ஊசியும் கைவிடும். 2019-ல் மட்டும் இப்படி மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது மதிப்பீடு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவர் சங்கங்கள் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டு, சீட்டில்லாத ஆன்டிபயாடிக் விற்பனையைக் கட்டுப்படுத்தச் சொல்லின. 2014 மார்ச் 1 முதல் 'ஹெச் 1' பட்டியல் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சிம் உட்பட அதிலுள்ள மருந்துகளை விற்றால், எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத அசித்ரோமைசினுக்கும் டாக்டர் சீட்டு கட்டாயம். அட்டையில் நீளவாக்கில் சிவப்புக் கோடு தெரிந்தால், சீட்டில்லாமல் வாங்கக்கூடாதது என்று பொருள்.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. டாக்டர் ஃபீஸும் போக்குவரத்தும் சேர்ந்தால் ஒருநாள் கூலி போய்விடும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். மூச்சுத்திணறலோ, மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சலோ என்றால் செட்டை நம்பி ஒருவேளைகூடத் தள்ளிப்போடாதீர்கள்.

டாக்டரிடம் "இதில் ஆன்டிபயாடிக் எது, எதற்கு, எத்தனை நாள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, உங்கள் உரிமை. சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள், நிறுத்த வேண்டுமென்றால் அவரைக் கேட்டு நிறுத்துங்கள். காசநோய்க்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. மிஞ்சியதை அலமாரியில் வைத்துப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்ய வேண்டாம்.

சீட்டில்லாமல் விற்கும் கடையைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள பில் கையில் இருந்தால்தான் புகாருக்குப் பலம்.

எங்கள் தெருமுனைக் கடையில் ஒருமுறை செட்டுக்குப் பில் கேட்டேன். கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கவரிலிருந்து மூன்றாவது மாத்திரையை மட்டும் எடுத்து டிராயரில் போட்டுவிட்டு, மற்ற இரண்டுக்கும் பில் எழுதினார்.